காஸிமிரோவின் கருவாட்டுப் பெட்டி

துறைமுகத்தை ஒட்டிய லா மரீனாவில், பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் அந்த வளவுக்குள் செத்தவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. யார் முதலில் போனார்களோ அவர்கள் பெயர் முதலில். நல்லவன், குடிகாரன், வாடகை கொடுத்தவன், கொடுக்காதவன் என்ற பேதமெல்லாம் உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான். போனவர்களுக்குப் போன நாள்தான் அந்தஸ்து. மேளமாக வாசிக்கும் மரப்பெட்டியை அடிப்பதற்கு முன்னால், வளவில் மூத்தவரான திபூர்ஸியோ ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரும் ஒரு மெழுகுவர்த்தியும் தரையில் வைத்து, கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டி அந்த வரிசையைச் சொல்வார். ஒவ்வொரு பெயருக்கும் வளவே சேர்ந்து, வெளிச்சம் கிடைக்கட்டும் என்று சொல்லும். சொல்லி முடித்த பிறகுதான் கை மரத்தின் மேல் விழும். பெயர் சொல்லாமல் அடித்தால் அது வெறும் கொண்டாட்டம். இருக்கிறவர்கள் ஆடுவார்கள், போனவர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அந்த வரிசையில் ஓர் இடத்தில் மட்டும் திபூர்ஸியோ நின்று மூச்சு வாங்குவார். மக்காரியோ என்பார், தடி தட்டும், வெளிச்சம் கிடைக்கும். அப்புறம் ஒரு மூச்சு. அதன் பிறகுதான் யூஃப்ராஸியா. வெளியாட்கள் பெரியவருக்கு இளைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். ஆயுசு முழுக்கத் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்கிய மனிதருக்கு இளைப்பாவது ஒன்றாவது! அந்த மூச்சு, நெரெய்தாவின் புருஷன் காஸிமிரோவுக்காக ஒழித்து வைத்த இடம்.

முதல் வருஷம் அவர் அந்த இடத்தில் காஸிமிரோவின் பெயரைச் சொல்லத்தான் செய்தார். சொன்ன வேகத்தில் நெரெய்தா எழுந்து வந்து தண்ணீர்க் குவளையை எட்டி உதைத்தாள். என் புருஷன் செத்துட்டார் என்று உங்களிடம் எந்த மீன் வந்து சொன்னது என்று கேட்டாள். செத்தவர்களுக்கு வைத்த தண்ணீரை உதைப்பது அந்த வளவில் யாரும் கேள்விப்படாத காரியம். கிழவிகள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். திபூர்ஸியோ குவளையை எடுத்துத் துடைத்து, வேறு தண்ணீர் வைத்து, வரிசையை முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றிலிருந்து அங்கே பெயர் கிடையாது, மூச்சு மட்டும்தான். நெரெய்தாவுக்கு அந்த மூச்சே பிடிக்காது. ஆனால் மனுஷன் மூச்சு விடுவதை யார் தடுக்க முடியும்?

காஸிமிரோ போனது, ஊரில் பாதிப் பேர் கடலில் இறங்கிய அந்த ஆகஸ்டு மாதத்தில். சோற்றுக்கும் விளக்குக்கும் பஞ்சம். டிராக்டர் டியூபும் கதவுப் பலகையும் காலி பீப்பாயும் எங்கே கிடைத்தாலும் கட்டித் தெப்பமாக்கிக்கொண்டு வடக்கே மயாமிப் பக்கம் போனார்கள். காஸிமிரோவும் இன்னும் மூன்று பேரும் ஒன்று கட்டினார்கள். ஒழுகினால் பூச ஒரு டப்பா தார், இரண்டு கேன் தண்ணீர், ஒரு மூட்டை ரஸ்க். இத்தனைக்கும் நடுவில் அவன் தான் வாசிக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அதற்குப் பதில் இன்னொரு கேன் தண்ணீர் கொண்டுபோகக் கூடாதா என்று நெரெய்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பின்ன நான் எதுமேல உக்காருவேன்?" என்றான் அவன்.

அவன் அப்படித்தான். எந்தப் பெரிய விஷயத்துக்கும் ஒரு சின்னப் பதில் வைத்திருப்பான். போய்ச் சேர்ந்ததும் கடற்கரையில் உட்கார்ந்து பெட்டியை அடிப்பதாகவும், காற்று இந்தப் பக்கம் திரும்பினால் அவளுக்குக் கேட்கும் என்றும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள்.

பிறகு ஒரு தகவலும் இல்லை. கூடப் போன மூன்று பேரின் வீட்டுக்கும் இல்லை. இரண்டாம் வருஷக் கடைசியில் மட்டும் ஒரு வதந்தி வந்தது. யாருடைய மச்சானோ மயாமியில் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போனானாம். அங்கே மரப்பெட்டி மேல் உட்கார்ந்து ஒருவன் வாசித்தானாம். லா மரீனா கை மாதிரியே இருந்ததாம், முன்பல்லில் சந்து இருந்ததாம். மஞ்சள் கவுன் போட்ட குண்டுப் பொம்பளை ஒருத்தி அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாளாம். வேறொருத்தியாக இருந்தால் அந்த மஞ்சள் கவுனைப் பற்றிக் கேட்டு அழுதிருப்பாள். நெரெய்தா அன்றைக்கு வீட்டில் மிச்சம் இருந்த காப்பித்தூளையெல்லாம் போட்டு வளவுக்கே காப்பி கொடுத்தாள்.

அந்த மஞ்சள் கவுன்காரியை வைத்துத்தான் அவள் இத்தனை வருஷமும் பிழைத்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் கறுப்பு மொச்சையைக் கிளறிக்கொண்டே அவளைத் திட்டுவாள். உப்பு போடத் தெரியாதவள், சட்டைக்குக் கஞ்சி போடத் தெரியாதவள், தூக்கத்தில் குறட்டை விடுகிறவள் என்று ஒவ்வொரு குறையாகச் சேர்த்து அவளை ஆளாக்கினாள். புருஷனை எவளுக்கோ பறிகொடுத்ததில் அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் கடலுக்குப் பறிகொடுப்பதற்கு அது எவ்வளவோ தேவலை. இன்னொருத்தியிடமிருந்து ஒருவன் திரும்பி வரலாம். வராவிட்டாலும் எங்கேயோ சாப்பிடுவான், தூங்குவான், மேஜையைக் கண்டால் விரலால் தட்டுவான். அவளுக்கு அது போதும். போதும் என்று சொல்லிக்கொண்டாளே தவிர, படுக்கையில் அவன் பக்கத்துத் தலையணையை அவள் ஒருநாளும் எடுத்து வைக்கவில்லை.

இதில் அவளுக்கு எதிர்க்கட்சி காஸிமிரோவின் அக்கா ஃபெர்மினா. வளவில் எதிர்வீடு. நாத்தனார் எதிர்வீட்டில் இருப்பது எந்தக் கடலிலும் தெப்பம் விடுவதைவிடக் கஷ்டம். தம்பி தன் கனவில் வந்து தண்ணீர் கேட்கிறான், பெயர் சொல்லிப் பெட்டி அடித்தால்தான் அவன் அடங்குவான் என்பது ஃபெர்மினாவின் கட்சி. உயிரோடு இருக்கிறவனைச் செத்தவர்களோடு சேர்த்துக் கூப்பிட்டால் அவன் ஆயுசு அறுந்துபோகும் என்பது நெரெய்தாவின் கட்சி. இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் ஏங்கினார்கள். ஏங்குகிற விதத்தில்தான் சண்டை.

அதற்கும் முன்னால் ஒரு பழைய பகை இருந்தது. அந்த ஆகஸ்டில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த நெரெய்தாவின் தலைத்துணி காணாமல் போயிற்று. பச்சை நிறம், வெள்ளைப் புள்ளி, கல்யாணத்துக்குக் காஸிமிரோ வாங்கிக் கொடுத்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஃபெர்மினா அதைத் தொட்டுப் பார்த்து, இந்த நிறம் எனக்கும் எடுக்கும் என்று சொல்லியிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும். நெரெய்தா நேரே போய்த் திருடி என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்குள்ளும் பேச்சென்றால் குத்தல் மட்டும்தான்.

ஃபெர்மினா தைக்கிறவள். தைத்த சட்டைகளையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு கார்தெனாஸ் குடாப் பக்கத்து மீனவக் குப்பங்களுக்குப் போய், மாற்றாக மீன் வாங்கி வருவாள். இந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது அப்படிப் போனவள், மீனுக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டியைச் சாக்கில் சுற்றி, லாரியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். வளவு நடுவில் இறக்கினாள். அதன் மேலெல்லாம் கோழி எச்சம். ஒரு பக்கப் பலகையில் கை போகிற அளவு வட்ட ஓட்டை.

அவள் முகத்தைப் பார்த்தே எல்லாரும் கூடிவிட்டார்கள். குப்பத்தில் ஒரு வீட்டில் கோழி முட்டையிடும் பெட்டியாகக் கிடந்தது, பார்த்ததும் தம்பியின் பெட்டி என்று தோன்றியது, கையிலிருந்த சோப்பு அத்தனையும் கொடுத்து வாங்கினேன் என்றாள். கடலிலிருந்து கிடைத்த பெட்டி என்றுதான் அந்த வீட்டுக்காரியும் சொன்னாளாம். மேற்கொண்டு கேட்க ஃபெர்மினாவுக்குத் தைரியம் வரவில்லை.

திபூர்ஸியோ குந்தி உட்கார்ந்து பெட்டியைத் திருப்பினார். வளவில் ஆளுக்கு ஒரு அபிப்பிராயம். இப்போது தச்சர்கள் ஒட்டுப்பலகையில் செய்து வெளிநாட்டாருக்குக் கொடுக்கிறார்களே, அது என்றான் ஒருவன். அலமாரி இழுப்பறை என்றான் இன்னொருவன். அந்த இரண்டும் இல்லை என்பது திபூர்ஸியோவுக்கு விரல் வைத்ததுமே தெரிந்துவிட்டது. தோல் கட்டிய மேளத்தை அடித்தால் பிடித்து உள்ளே போட்ட காலத்தில், அவருடைய தாத்தாமார்கள் துறைமுகத்தில் இறங்கிய பெட்டிகளைத்தான் மேளமாக்கினார்கள். சின்னதாகக் கீச்சென்று பேச வேண்டுமா, மெழுகுவர்த்தி வந்த பெட்டி. அடிவயிற்றிலிருந்து பேச வேண்டுமா, வடக்கேயிருந்து கருவாடு வந்த பெட்டி. போலீஸ் வந்தால் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளலாம். உட்காரும் பெட்டியைப் பிடித்துக்கொண்டுபோக எந்தச் சட்டத்திலும் இடமில்லை. இந்தப் பழைய பாணியில், மூலையில் பலகைகளைப் பல்லோடு பல் கோத்து, இரும்பாணி குறைத்து அடித்த பெட்டி இது.

"கருவாட்டுப் பெட்டிய மூக்கால கண்டுபிடிக்கணும்" என்று சொல்லி அவர் ஓட்டையில் மூக்கை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். "கோழிதான் வருது."

சிலர் சிரித்தார்கள். ஃபெர்மினா சிரிக்கவில்லை. அவர் முட்டியால் பலகையைத் தட்டினார். தொண்டை கட்டின ஆள் மாதிரி ஒரு சத்தம். கடல் குடித்த மரம், குரலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று கை விரித்தார். காஸிமிரோவின் பெட்டி நீல வர்ணம் அடித்தது. இதில் வர்ணம் எதுவும் மிச்சமில்லை.

"அவனக் கட்டினவ இருக்காளே, அவ சொல்லட்டும்" என்றாள் ஃபெர்மினா.

நெரெய்தா துவைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்து வந்தாள். நுரைக் கையைப் பாவாடையில் துடைத்தாள். எல்லாரும் விலகி வழிவிட்டார்கள்.

அந்தப் பெட்டியில் யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான மறு வருஷம் பெட்டியின் ஒரு பக்கப் பலகை கீறிவிட்டது. நல்ல மரம் கிடைக்கவில்லை. காஸிமிரோ அவர்கள் கட்டிலின் தலைமாட்டிலிருந்து ஒரு தேவதாருப் பலகையைக் கழற்றி அந்த இடத்தில் அடித்துவிட்டான். அந்தப் பலகையில் ஒரு பூ செதுக்கியிருந்தது. கட்டிலை வாசலில் நுழைக்கும்போது இடித்து அதில் ஒரு இதழ் பாதி உடைந்திருந்தது. பூ உள்பக்கம் வரும்படி பலகையைத் திருப்பி அடித்து, மேலே வர்ணம் பூசினான். படுக்கையில் இருந்த பலகையைப் பத்துப் பேர் முன்னால் அடிக்கப் போகிறாயே, வெட்கமாக இல்லையா என்று அவள் கேட்டபோது, உள்ளே இருப்பது உனக்கும் எனக்கும் என்றான். கட்டிலில் அந்த இடைவெளி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அவள் மண்டியிட்டு ஓட்டைக்குள் கையை விட்டாள். முழங்கை வரைக்கும் போயிற்று. வைக்கோல் துணுக்கு, காய்ந்த எச்சம், முட்டை ஓடு. அதற்கும் அப்பால் விரல் ஒரு மேட்டில் ஏறியது. ஒரு இதழ். அடுத்தது. அடுத்தது. நான்காவது பாதியில் நின்றது.

அவள் கை உள்ளே எவ்வளவு நேரம் இருந்ததோ தெரியாது. வெளியே எடுத்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"இது அவரோடது இல்ல" என்றாள். "அவரோடது இதவிடப் பெரிசு."

ஃபெர்மினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தொட்டுப் பாத்துச் சொல்றியா, தொடாமலே சொல்றியா?"

"தொட்டுத்தான சொல்றேன், மதினி. பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

அதோடு கூட்டம் கலைந்தது. அவனுடையது இல்லை என்று பெண்டாட்டியே சொன்ன பிறகு மற்றவர்கள் என்ன சொல்வது? ஃபெர்மினா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யாருக்கும் வேண்டாமென்றால் உட்கார ஒரு ஆசனமாக நான் வைத்துக்கொள்கிறேன் என்று நெரெய்தா எதுவும் நடக்காதது போலச் சொல்லி, பெட்டியைக் கழுவித் தன் சமையலறைக்குத் தூக்கிப் போனாள்.

அவள் மனம் சும்மா இருக்குமா? கை மொச்சையைக் கிளற, மனம் வழக்காடியது. பெட்டி அவனுடையதுதான். இருக்கட்டுமே. தெப்பத்தில் பாரம் அதிகமாகியிருக்கும். கூட இருந்தவர்கள் தூக்கிப் போடு என்றிருப்பார்கள். போட்டுவிட்டான். பெட்டி இங்கே வந்தது, ஆள் அங்கே போனான். மயாமியில் வேறு பெட்டி கிடைக்காதா என்ன? மஞ்சள் கவுன்காரி வாங்கிக் கொடுத்திருப்பாள். இப்படி ஒவ்வொரு நாளும் அவனைக் கரை சேர்த்தாள். ஆனால் அவன் அதைத் தூக்கிப் போடுகிற காட்சி மட்டும் அவளுக்குச் சரியாக வரவில்லை. ரஸ்க் மூட்டையைப் போடுவான். செருப்பைப் போடுவான். பெட்டியை?

ஒருநாள் காப்பிக்கு வந்த திபூர்ஸியோ அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்தார். மழை வரப் போகிற புழுக்கம். காப்பி குடித்து எழுந்தபோது அவர் கால்சட்டையின் பின்புறம் நனைந்திருந்தது. பலகை வேர்த்துப் போயிருந்தது. உப்பு ஏறின மரம் மழைக்கு முன்னால் இப்படித்தான் வேர்க்கும். கருவாட்டுப் பெட்டியைக் கண்டுபிடிக்க அவர்கள் வைத்திருக்கிற கடைசிச் சோதனை அதுதான். கடலில் கிடந்த பெட்டி எதுவானாலும் வேர்க்கலாம் என்றும் சொல்லலாம்.  குனிந்து, கட்டிலறைக் கதவு திறந்திருந்த வழியாக உள்ளே ஒரு பார்வை பார்த்தார். கட்டிலின் தலைமாட்டில் ஒரு பலகை அகலத்துக்குச் சந்து தெரிந்தது. அப்புறம் அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"மழ வரும்போல இருக்கு, தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அப்படிப் போனதுதான் அவளை உலுக்கியது. திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும், யாரிடமும் சொல்லாமல், ஒரு லாரியும் ஒரு குதிரை வண்டியும் மாறி அந்தக் குப்பத்துக்குப் போனாள். ஒரே ஒரு கேள்விதான் அவளிடம் இருந்தது. பெட்டி எப்படி வந்தது? வெறும் பெட்டியாக, தூக்கி எறிந்ததாக வந்திருந்தால் அவன் உயிரோடு இருக்கிறான். அவள் அப்படித் தீர்மானம் செய்திருந்தாள்.

அந்த வீட்டுக்காரியின் பெயர் ஒப்தூலியா. மீன் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள். முதலில், பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாளோ, சோப்பெல்லாம் தீர்ந்துவிட்டதே என்று பயந்தாள். அதில்லை என்று தெரிந்ததும் உட்காரச் சொல்லி, பேசினாள்.

"அந்த ஆகஸ்டுல கடலு என்னென்னமோ கொண்டாந்து போட்டுச்சும்மா. எல்லாத்தையும் யாரு எவருன்னு கேட்டிருந்தா நாங்க தூங்கியிருக்க முடியாது. எங்க வீட்டுக்காரரு அலையாத்திக் காட்டுக்குள்ள இதப் பாத்தாரு. சுத்திக் கயிறு போட்டு, கை நுழைக்க ஒரு வளையம் விட்டிருந்துச்சு. அந்த ஓட்ட இருக்குல்ல, அத அடைச்சிருந்துச்சு."

"அடைச்சா?"

"துணியத் திணிச்சு, மேல தாரப் பூசி. நல்லா மெனக்கெட்டு. சொட்டுத் தண்ணி உள்ள போவல. அதத் தோண்டி எடுக்குறதுக்குள்ள எங்க வீட்டுக்காரருக்குக் கத்தியே மழுங்கிப்போச்சு."

என்ன துணி என்று நெரெய்தா கேட்டாள். கேட்ட குரல் அவளுக்கே கேட்டதோ என்னவோ. ஒப்தூலியா கத்தியாலேயே கோழிக்கூட்டைக் காட்டினாள். தார் போகவில்லை, ஆனால் துணி கெட்டி, அதனால் கதவைக் கட்ட வைத்துக்கொண்டேன் என்றாள். கூட்டுக் கதவில் முறுக்கிக் கட்டியிருந்தது ஒரு கந்தல். வெயிலில் வெளுத்து, பாதி தாரில் கறுத்துக் கிடந்தது. முடிச்சுக்குள் வெயில் படாத இடத்தில் மட்டும் பச்சை. அதில் வெள்ளைப் புள்ளி.

நெரெய்தா அந்த முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அதைக் கொடியிலிருந்து எடுத்துப் போயிருக்கிறான். கேட்டால் கொடுத்திருப்பாள். கேட்க வெட்கம். அவள் வியர்வை வாசம் இருக்கும் துணி, சட்டைக்குள் வைத்துக்கொள்ளத்தான் எடுத்திருப்பான். அந்தத் துணியைப் பெட்டியின் வாயில் திணிக்க வேண்டுமென்றால், அவன் கையில் வேறு எதுவுமே மிச்சமில்லாமல் போயிருக்க வேண்டும். தூக்கி எறிகிற பெட்டியின் ஓட்டையை யாரும் அடைப்பதில்லை. மிதக்க வேண்டிய பெட்டியைத்தான் அடைப்பார்கள். தெப்பம் பிரிந்துகொண்டிருந்த நேரத்தில் அவன் உட்கார்ந்து, தன் பெட்டியின் வாயைத் தானே மூடி, கை நுழைக்க ஒரு வளையம் விட்டிருக்கிறான். வளையம் வந்து சேர்ந்தது. கை வரவில்லை.

மஞ்சள் கவுன்காரி அந்தக் கோழிக்கூட்டு வாசலிலேயே செத்துப்போனாள். பாவம், அவளுக்கு அழவும் நெரெய்தாவைத் தவிர வேறு ஆள் இல்லை. ஒப்தூலியா கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் தலையைத் தன் மீன் வாடையடிக்கிற மார்போடு பிடித்துக்கொண்டாள். 

வளவுக்குத் திரும்பியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. நெரெய்தா தன் வீட்டுக்குப் போகவில்லை. ஃபெர்மினா தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அந்தக் கந்தலை வைத்தாள்.

"நீங்க எடுக்கல, மதினி."

ஃபெர்மினா கந்தலைத் தூக்கிப் பார்த்தாள். தாரைப் பார்த்தாள், உள் மடிப்பில் பச்சையைப் பார்த்தாள். "நான் எடுக்கலன்னு அன்னைக்கே தலையில அடிச்சுச் சொன்னேன். இப்ப வந்து சொல்றா. எங்கடி கெடந்துச்சு இது?"

"அந்தப் பெட்டி ஓட்டையில."

இயந்திரத்தின் சக்கரத்தின் மேல் வைத்திருந்த ஃபெர்மினாவின் கை அப்படியே நின்றது. கனவில் வந்து தண்ணீர் கேட்கிறான் என்று இத்தனை வருஷம் வாதாடியவள்தான். ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவள் இப்படி உடைந்து அழுது நெரெய்தா பார்த்ததில்லை. தம்பி செத்துவிட்டான் என்று அவள் சொன்னதெல்லாம், இல்லை என்று எதிர்வீட்டிலிருந்து ஒருத்தி அடித்துச் சொல்வாள் என்ற தைரியத்தில்தான் போலிருக்கிறது. இனி அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

நெரெய்தா அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். பொய் சொன்னேன், கையை விட்டதுமே தெரிந்தது, உள்ளே எங்கள் கட்டில் பலகை இருக்கிறது என்று சொன்னாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "ஞாயித்துக்கெழம பெட்டி வைக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வளவு நிறைந்துவிட்டது. ஆண்களும் பெண்களும் வெள்ளை உடுத்தி வந்தார்கள். கோழியும் சோறும் வேகிற வாசம், சுருட்டுப் புகை, ரம். திபூர்ஸியோ அந்த வாரம் முழுக்க அந்தப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். எச்சத்தைச் சுரண்டினார், ஆட்டம் கண்ட மூலையை இறுக்கினார், ஓட்டையின் விளிம்பில் ஒட்டியிருந்த தாரைக் கத்தி முனையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். நீலம் அடிக்கவா என்று ஒருவன் கேட்டதற்கு வேண்டாம் என்றார். பெட்டியை மற்ற இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் வைத்தார்கள். அதன் மேல் யார் உட்காருவது என்று நெரெய்தாவைக் கேட்டார்கள். அவள் திபூர்ஸியோவைக் காட்டினாள்.

வானம் மூடிக்கொண்டு வந்தது. பெட்டியின் பலகையில் பொடிப் பொடியாக வேர்வை. திபூர்ஸியோ அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பக்கத்திலிருந்தவர்களும் பார்த்தார்கள். யாருக்கும் இப்போது சோதனை வேண்டியிருக்கவில்லை.

குவளையில் தண்ணீர் வைத்தார். மெழுகுவர்த்தி ஏற்றினார். தடியை எடுத்தார். வரிசை தொடங்கியது. கப்பலில் சங்கிலியோடு வந்தவர்கள், கரும்புக்காட்டில் போனவர்கள், துறைமுகத்தில் மூட்டை விழுந்து போனவர்கள், பிள்ளை பெற்றுப் போனவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் தடி தட்டியது, வளவு வெளிச்சம் கேட்டது. நெரெய்தா முன்வரிசையில் நின்றாள். ஃபெர்மினா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் ஈரம்.

பெயரைத் தாமே சொல்லிவிடலாமா என்று திபூர்ஸியோ நேற்றே கேட்டிருந்தார். வேண்டாம், நான் சொல்கிறேன் என்று நெரெய்தா சொல்லியிருந்தாள். ஆனால் எந்த இடத்தில் சொல்வது? அதுதான் அவளைக் குடைந்தது. இன்றைக்குத்தான் அவளுக்கு அவன் செத்திருக்கிறான். கடைசியில், போன வாரம் போனவர்களுக்கும் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்தால், மயாமியில் அவன் வாழ்ந்த வருஷங்களெல்லாம் அவனுடையதாகவே இருந்துவிடும். மஞ்சள் கவுனும், ஞானஸ்நான விருந்தும், மேஜையில் விரல் தட்டியதும் இருக்கும். முன்னால் சேர்த்தால் அவையெல்லாம் இல்லாமல் போகும். அவள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள் என்று ஆகும்.

"மக்காரியோ" என்றார் திபூர்ஸியோ. தடி தட்டியது. வெளிச்சம் கேட்டார்கள்.

பிறகு அவர் நின்று மூச்சு வாங்கினார்.

"காஸிமிரோ" என்றாள் நெரெய்தா.

தடி தட்டியது. வளவு முழுக்க அவனுக்கு வெளிச்சம் கேட்டது. ஃபெர்மினாவின் குரல் எல்லாருக்கும் பின்னால் தனியாக வந்து சேர்ந்தது. திபூர்ஸியோ தடியைத் தூக்கினார். இந்த முறை மூச்சு வாங்கவில்லை, அடுத்த பெயரை உடனே சொன்னார்.